மறுப்புக்கு ஒரு முகவரி

திருப்பதியிலோ சித்தூரிலோ, ஏழைகளுக்கான ஆந்திர அரசின் இலவச சிகிச்சைத் திட்டமான ஆரோக்கியஸ்ரீயில் சேர்ந்த எந்த ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தாலும் வாசலுக்குப் பக்கத்திலேயே ஒரு மேசை இருக்கும். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு ஆரோக்கிய மித்ரா என்று பெயர். கார்டை வாங்கிப் பார்ப்பார், ஆதார் ஜெராக்ஸ் கேட்பார், கார்டில் உள்ளவருக்கு நோயாளி என்ன உறவு என்று விசாரிப்பார். டாக்டர் எழுதிய நோய், திட்டத்தின் பட்டியலில் எங்கே வருகிறது என்று கணினியில் தேடுவார்கள். பட்டியலில் இருந்தால் ஸ்கேனும் ரிப்போர்ட்டும் மேலே போகும். எங்கோ ஒரு அலுவலகத்தில் நோயாளியைப் பார்க்காத ஒரு மருத்துவர் அவற்றைப் பார்த்து அனுமதிப்பார், அல்லது இன்னொரு ரிப்போர்ட் கேட்பார், அல்லது மறுப்பார். "அப்ரூவல் வந்துச்சா?" வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது இதைத்தான்.

டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவே மூன்றாவதாக ஒருவர் நின்று, எந்த நோய்க்கு, எந்த ஆஸ்பத்திரியில், எவ்வளவு செலவழிக்கலாம் என்று முன்கூட்டியே தீர்மானிக்கும் ஏற்பாடு இது. அமெரிக்கா 1973-ல் தனிச் சட்டம் போட்டு இதை ஊக்குவித்தது. அங்கே நடுவில் நின்றவை பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனங்கள். ஆந்திரத்தில் நிற்பது அரசு அமைத்த டிரஸ்ட். நோக்கம் வேறாக இருந்தாலும் இரண்டிலும் சிக்கல் ஒன்றுதான். நோயைக் கிட்டத்தில் பார்த்தவர் ஒருவர், சிகிச்சை உண்டா இல்லையா என்று சொல்பவர் வேறொருவர். இது முறையா?

'உயிருக்கு விலை வைப்பதா' என்று கொதிப்பது எளிது, மேடையில் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் எந்த கஜானாவுக்கும் ஓர் அடிமட்டம் உண்டு. ஒருவருக்குச் செலவழித்த பணத்தை இன்னொருவருக்குச் செலவழிக்க முடியாது. திட்டம் எதுவும் இல்லாத காலத்திலும் இன்னாருக்கு சிகிச்சை உண்டு, இன்னாருக்கு இல்லை என்று யாரோ தீர்மானித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அடகுக் கடைக்காரர் தீர்மானித்தார், வட்டிக்குக் கொடுப்பவர் தீர்மானித்தார், பல வீடுகளில் 'பொம்பளைக்கு இவ்வளவு செலவா' என்று கேட்ட மாமியார் தீர்மானித்தார். ஆகவே வரம்பு போடுவதே பாவம் என்ற வாதம் நிற்காது. போட்ட வரம்பை யார் வாயால், யார் முகத்தைப் பார்த்து, என்ன காரணம் காட்டிச் சொல்கிறோம் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

ஆரோக்கியஸ்ரீக்கு முன் பெரிய அறுவைக்கு ஏழைகள் நம்பியிருந்தது முதலமைச்சர் நிவாரண நிதியை. அதற்கு எம்.எல்.ஏ. கடிதம் வேண்டும், எம்.எல்.ஏ.வைப் பார்க்க ஊரில் ஒரு பெரிய மனிதரின் தயவு வேண்டும், அந்தப் பெரிய மனிதருக்கோ யார் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்பது அத்துப்படி. ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி மருத்துவம் படித்தவர். ஹவுஸ் சர்ஜனாக இருந்தது திருப்பதி எஸ்.வி. மருத்துவக் கல்லூரியில்தான். அவர் முதல்வரான பிறகு, 2007 ஏப்ரல் 1-ல் மூன்று மாவட்டங்களில் தொடங்கிய திட்டம் அந்த ஆண்டு முடிவதற்குள் சித்தூருக்கும் வந்தது. ஏழைகளுக்குரிய வெள்ளை ரேஷன் கார்டு இருந்தால் போதும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1.5 லட்சம் ரூபாய், தேவைப்பட்டால் மேலும் 50,000. கடிதமும் வேண்டாம், கும்பிடும் வேண்டாம். திட்டத்தின் குறைகளை அடுக்குவதற்கு முன் இந்த ஒரு மாற்றத்தின் கனத்தை உணர வேண்டும். மனுவின் கதி, வாங்குபவரின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது. கார்டு யாருடைய மனநிலையையும் கேட்பதில்லை, குறைந்தபட்சம் கேட்கக் கூடாது. (2009 செப்டம்பரில் ராஜசேகர ரெட்டியின் ஹெலிகாப்டர் நல்லமலைக் காட்டில் விழுந்தபோது, அவர் ஜனங்களின் குறைகளை நேரில் கேட்கச் சித்தூர் மாவட்டத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தார். மனுவுக்கு பதில் கார்டு கொண்டுவந்தவரும் மனு வாங்குவதை விடவில்லை.)

மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பட்டியலுக்கு வருவோம். பார்வைக்கு அது கணக்குப்பிள்ளை எழுதிய பட்டியல், நோய், அறுவை, தொகை, அவ்வளவுதான். நிதானமாகப் படித்தால் ஒரு சமூகத்துக்கு எங்கே மனம் இளகுகிறது, எங்கே இளகவில்லை என்பது அதில் தெரியும். குடும்பத்துக்கு மொத்தமே 2 லட்சம் என்று வரம்பு இருந்த காலத்தில், காது கேளாத சின்னக் குழந்தைகளின் காக்ளியர் இம்ப்ளாண்டுக்கு மட்டும் 6.5 லட்சம் வரை தரலாம் என்று விலக்கு இருந்தது. காது கேட்காவிட்டால் குழந்தைக்குப் பேச்சே வராமல் போகலாம். அதற்காக வரம்பைத் தாண்டினார்கள். நல்ல காரியம். ஆனால் வரம்பு ஒன்றும் கல்லில் வெட்டியதல்ல, மனம் வைத்தால் நகரும் என்பதும் அதிலேயே நிரூபணமாகிவிட்டது. நகராத இடங்களுக்குக் காரணம் பணம் மட்டும்தானா?

நகரியில் விசைத்தறி ஓட்டும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நாள் முழுக்க நின்றபடி வேலை. சர்க்கரை இருப்பது தெரியும், மாத்திரையைச் சில மாதம் போடுவார், சில மாதம் விடுவார். பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டதால் செருப்பு கடித்தது தெரியவில்லை. ஒரு கொப்புளம் புண்ணாகிறது, சீழ் கோக்கிறது, ஒரு விரல் கறுக்கிறது. கறுத்த பிறகு கார்டு விழித்துக்கொள்ளும். விரலை எடுக்க, பாதத்தை எடுக்க, காலை எடுக்க எல்லாவற்றுக்கும் பேக்கேஜ், அதாவது பட்டியலில் நிர்ணயித்த தொகை, உண்டு. அதற்கு முந்தைய பத்து ஆண்டுகளில் அவருக்குத் தேவைப்பட்டவை மாதாமாதம் ஒரு ரத்தப் பரிசோதனை, விடாமல் மாத்திரை, பாதத்தை விளக்கடியில் வைத்துப் பார்க்கும் ஒரு நர்ஸ், ஒரு ஜோடி மென்மையான எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு. இவற்றில் எதுவும் அறுவை இல்லை, எதற்கும் பேக்கேஜும் இல்லை. அரசின் நடமாடும் மருத்துவ வண்டியான 104 ஊருக்கு வருகிறது, மாத்திரை தருகிறது, உண்மைதான். ஆனால் அரசின் மருத்துவப் பணத்தில் பெருந்தொகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தால், அது கத்தியின் பக்கம்தான்.

இது அறியாமையால் நடப்பதல்ல. கண்முன் சாகக் கிடப்பவரைக் காப்பாற்றாமல் இருக்க முடியாது என்பது மனித இயல்பு, அதில் குற்றம் இல்லை. சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. காப்பாற்றப்பட்ட இதயத்துக்கு முகம் உண்டு, பெயர் உண்டு, முதல்வர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். வெட்டப்படாமல் தப்பிய காலுக்கு முகம் கிடையாது. எந்தக் கால் தப்பியது என்று அதன் சொந்தக்காரருக்கே தெரியாது. முகம் தெரியாதவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம் என்று ஒப்புக்கொள்வதுதான் பொதுப் பணத்தைக் கையாள்பவரின் முதல் நெறி. தனிமனிதர் தர்மம் செய்யும்போது தன் மனம் உருகிய இடத்தில் கொடுக்கலாம். அரசுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை.

பேக்கேஜ் கத்தியின் பக்கம் சாய்ந்தால் கத்தியும் பேக்கேஜின் பக்கம் சாயும். கிராமத்துப் பெண்கள் வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி என்று போனால் கர்ப்பப்பையையே எடுத்துவிடுவது ஆந்திரத்தில் பெருகியது. தேவையற்ற அறுவைகள் என்று புகார்கள் குவிந்த பிறகு அந்த அறுவையைத் தனியாருக்குத் தராமல் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மட்டும் ஒதுக்கினார்கள். முப்பது வயதைத் தாண்டியதும் கர்ப்பப்பை இழந்தவர்களில் பலருக்கு அது ஏன் எடுக்கப்பட்டது என்று இன்றும் தெரியாது. கையெழுத்துப் போட்டார்கள், அவ்வளவுதான். குப்பத்திலிருந்தோ நகரியிலிருந்தோ வரும் தமிழ்ப் பெண்ணுக்கு முன்னால் நீட்டப்படும் சம்மதப் படிவம் ஆங்கிலத்திலோ தெலுங்கிலோ இருக்கும். காட்டிய இடத்தில் பெருவிரல் வைத்ததைச் சம்மதம் என்று சொல்லச் சட்டத்துக்கு மனம் வரலாம்.

அடுத்து ஒரு சின்ன விஷயம், இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. அறுவை நடந்ததற்குச் சான்றாக, தையல் தெரியும்படி நோயாளியைப் படம் எடுத்து கிளைமுடன் சேர்த்து அனுப்ப வேண்டும். செய்யாத அறுவைக்குப் பணம் வாங்கிய கதைகள் இருந்ததால் வந்த ஏற்பாடு. மோசடியைத் தடுப்பது நியாயம். ஆனால் மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் படுத்திருக்கும் ஒரு பெண்ணின் அடிவயிற்றை வார்டு பையன் செல்போனில் படம் பிடிப்பதை நினைத்துப் பாருங்கள். தன் பணத்தில் அறுவை செய்துகொண்டவளை யாரும் அப்படிப் படம் எடுப்பதில்லை. ஆஸ்பத்திரிமேல் உள்ள அவநம்பிக்கைக்கு நோயாளியின் உடம்பு ஜாமீன் நிற்கிறது. சந்தேகப்பட வேண்டியவரை விட்டுவிட்டு எளியவரிடம் ஆதாரம் கேட்பது நம் அரசு அலுவலகங்களின் பழைய பழக்கம். இங்கே அது வார்டுக்குள்ளும் வந்துவிட்டது.

டாக்டரின் நிலை இவை எல்லாவற்றையும்விடச் சங்கடமானது. பேக்கேஜுக்குள் அடங்கும் சிகிச்சை ஒன்று, அதைவிடச் சற்று மேலான இன்னொன்று கார்டில் வராது. எதிரே இருப்பவர் பலமநேரிக்குப் பக்கத்தில் தக்காளி போடும் சிறு விவசாயி. இரண்டாவதைப் பற்றி அவரிடம் சொல்ல வேண்டுமா? சொன்னால் மகன் நிலத்தை விற்கக்கூடும், மகள் கம்மலைக் கழற்றக்கூடும். சொல்லாவிட்டால் அவர் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். நல்ல டாக்டர்கள் பலர் சொல்லாமல் விடுவது இரக்கத்தால்தான். 'முடியாததைச் சொல்லி ஏன் நோகடிக்க வேண்டும்?'

அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் சில 1990-களில் இதையே ஒப்பந்தத்தில் எழுதி வைத்தன. திட்டத்தில் இல்லாத சிகிச்சையைப் பற்றி நோயாளியிடம் வாய் திறக்கக் கூடாது என்று டாக்டர்களைக் கட்டிப்போட்டன. பெரும் எதிர்ப்பு கிளம்பி, மாநிலம் மாநிலமாக அந்த வாய்ப்பூட்டு விதிகளைத் தடை செய்தார்கள். நிறுவனம் லாபத்துக்காகப் பூட்டிய வாயை இங்கே டாக்டர் இரக்கத்தால் தானாகவே பூட்டிக்கொள்கிறார். நோயாளியின் பக்கம் இருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. தன் உடம்பைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று தெரியாமலே போகிறது. நிலத்தை விற்பதா வேண்டாமா என்பது அந்தக் குடும்பம் எடுக்க வேண்டிய முடிவு. அதை டாக்டர் எடுப்பது, எத்தனை கனிவோடு எடுத்தாலும், ஏழைக்கு முடிவெடுக்கத் தெரியாது என்று சொல்வதுதான். ஆனால் சொல்வதோடு கடமை முடிவதும் இல்லை. 'அது பெட்டர்' என்ற மொட்டைச் சொல் நிலத்தை விற்க வைக்கும். எவ்வளவு பெட்டர், இந்த வயதில் இந்த உடம்புக்கு அந்த வித்தியாசம் நிலத்தின் விலைக்கு ஈடாகுமா என்று உட்கார்ந்து சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல கால் மணி நேரம் ஆகும். கால் மணி நேரத்துக்குப் பேக்கேஜ் கிடையாது.

இதுவரை பார்த்தவை வெளிப்படையான மறுப்புகளும் அரை மௌனங்களும். மறுப்பு என்றே தெரியாத மறுப்பு இன்னொன்று உண்டு. டிரஸ்ட் ஆஸ்பத்திரிகளுக்குத் தர வேண்டிய பணம் மாதக்கணக்கில் நின்றுபோகிறது. நிலுவை ஆயிரம் கோடிகளைத் தாண்டியதாகச் சொல்லி, 2024 மே மாதம் தனியார் ஆஸ்பத்திரிகள் திட்டத்தில் சேவையை நிறுத்தின. 2025 ஏப்ரலில் மறுபடி நிறுத்தின. இரண்டு முறையும் ஆட்சியில் இருந்த கட்சி வேறு, பாக்கி வைக்கும் பழக்கம் ஒன்றே. கணவன் மனைவி இருவரும் டாக்டர்களாக இருந்து நடத்தும் 50 படுக்கை ஆஸ்பத்திரிக்கு இது உயிர்ப் பிரச்சினை. நர்ஸ்களுக்குச் சம்பளம் தர வேண்டும், மருந்துக் கம்பெனி கடனுக்குத் தராது, ஆக்சிஜன் சப்ளைக்காரர் காத்திருக்க மாட்டார். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர்களுக்குக் கடன்பட்டது அரசு, அதற்கான தண்டனையை அனுபவிப்பது கார்டோடு வந்து நிற்பவர்.

வேலைநிறுத்தம் நெறிப்படி சரியா தவறா என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். எழுதட்டும். அதைவிட மோசமானது வேலைநிறுத்தம் இல்லாத நாட்களில் நடப்பது. 'பெட் இல்லை.' 'மிஷின் ரிப்பேர்.' 'சர்வர் டவுன், திங்கட்கிழமை வாங்க.' பின்னால் வந்த ரொக்க நோயாளிக்கு பெட் கிடைத்துவிடும். அறிவித்துவிட்டுச் செய்யும் நிறுத்தத்தில் ஒரு நேர்மை இருக்கிறது. பேப்பரில் வரும், அமைச்சர் பதில் சொல்ல வேண்டியிருக்கும், பாதிக்கப்பட்டவருக்குத் தன்னை மறுத்தது யார் என்றாவது தெரியும். 'பெட் இல்லை' என்பதில் அதுவும் இல்லை. தான் மறுக்கப்பட்டதே தெரியாமல், இன்று நேரம் சரியில்லை என்று நொந்துகொண்டு திரும்பிப் போகிறார். அமராவதியிலோ விஜயவாடாவிலோ தங்கிவிட்ட ஒரு ஃபைலின் தாமதம், சித்தூரில் ஒரு ரிசப்ஷன் மேசையில் பொய்யாக உருமாறுகிறது. அந்தப் பொய்யைச் சொல்லும் பெண்ணுக்கு மாதச் சம்பளம் சொற்பம், அவளைக் குற்றம் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

இப்படி மறுக்கப்பட்டவர்கள் கடைசியில் போய்ச் சேரும் இடம் திருப்பதியின் ரூயா ஆஸ்பத்திரி. 1962-லிருந்து ராயலசீமாவின் தென்பகுதிக்கே பெரிய அரசு ஆஸ்பத்திரி அதுதான். எல்லோருக்கும் 'இல்லை' சொல்ல ஒரு வழி இருக்கிறது, ரூயாவுக்கு மட்டும் இல்லை. பெட் இல்லாவிட்டால் தரையில் பாய், பாய்க்கும் இடம் இல்லாவிட்டால் வராண்டா. நல்ல நிலையில் இருப்பதைத் தேர்ந்து எடுத்துக்கொள்ளும் உரிமை மற்றவர்களுக்கு இருப்பதால், தேர்ந்தெடுக்கப்படாத எல்லாம் இங்கே வருகின்றன. திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் பணத்தின் பெரும்பகுதி தனியாருக்குப் போனது. அரசு ஆஸ்பத்திரியின் வார்டுகளுக்கு வெள்ளையடிக்கவும் குழாய் மாற்றவும் ஆகியிருக்க வேண்டிய பணமும் அதில் அடக்கம் என்று வாதிடுபவர்களை எளிதில் மறுத்துவிட முடியாது.

2021 மே 10 இரவு ரூயாவில் கொரோனா நோயாளிகளுக்கான ஆக்சிஜன் அழுத்தம் குறைந்தது. தமிழ்நாட்டிலிருந்து வர வேண்டிய டேங்கர் தாமதம். டேங்கர் வந்து, நிரப்பி, அழுத்தம் சீராவதற்குள் அதிகாரபூர்வக் கணக்கின்படியே 11 பேர் இறந்தார்கள். உறவினர்கள் அட்டையாலும் துண்டாலும் விசிறிக்கொண்டு நின்றார்கள். அன்று யாரும் யாருக்கும் சிகிச்சையை மறுக்கவில்லை. அனைவரையும் சேர்த்துக்கொண்ட ஒரு ஆஸ்பத்திரிக்கு, சேர்த்துக்கொண்டவர்களுக்கெல்லாம் மூச்சு கொடுக்கும் அளவுக்கு இருப்பு இல்லை, அவ்வளவுதான். மறுக்க முடியாத ஒரு நிறுவனத்தைப் பலவீனமாக வைத்திருப்பதும் ஒருவகை மறுப்பு. அதில் யாருடைய கையெழுத்தும் இருக்காது.

திருப்பதியில் இன்னொரு வாசலும் உண்டு, அது பெருமாளின் வாசல். தேவஸ்தானத்தின் பணத்தில் 1985-ல் எலும்பு, மூட்டு சிகிச்சைக்கு பர்டு, 1993-ல் ஸ்விம்ஸ் உயர்சிகிச்சை ஆஸ்பத்திரி, 2021-ல் குழந்தைகளுக்கான பத்மாவதி இதய ஆஸ்பத்திரி என்று வரிசையாக வந்தன. பிராணதானம் என்ற பெயரில் பக்தர்கள் தரும் நன்கொடையில் ஏழைகளுக்கு உயர் சிகிச்சை நடக்கிறது. உரிமையை உயர்த்திப் பேசுபவர்கள் தர்மத்தை மட்டமாகப் பார்ப்பது வழக்கம், இந்தக் கட்டுரையும் மேலே கொஞ்சம் அப்படித்தான் பேசியது. திருத்தணியை நினைத்தால் அந்த நினைப்பு சற்றே ஆட்டம் காண்கிறது. 1960 வரை திருத்தணி சித்தூர் மாவட்டம். அன்றைய திருத்தணிக்காரருக்கும் புத்தூர்க்காரருக்கும் ஆஸ்பத்திரி ஒன்று, கலெக்டர் ஒருவர். இன்று ஒருவர் கையில் தமிழ்நாட்டின் கார்டு, மற்றவர் கையில் ஆந்திரத்தின் கார்டு. சித்தூர்க்காரர்கள் தலைமுறைகளாக நம்பிப் போகும் வேலூர் சி.எம்.சி. சுமார் 40 கிலோமீட்டரில் இருந்தாலும் அது வேறு மாநிலம். உரிமை அரசிடமிருந்து வருவதால் பெரும்பாலும் அரசின் எல்லைக்கல்லில் முடிந்துவிடுகிறது. உண்டியலில் விழுந்த காணிக்கைக்கு எல்லைக்கல் இல்லை, மதுரைக்காரர் போட்டதும் மைசூர்க்காரர் போட்டதும் கலந்துதான் கிடக்கின்றன.

ஆனாலும் தர்மத்தை நம்பி ஒரு மாவட்டத்தின் ஆரோக்கியத்தை விட முடியாது. கொடுப்பவர் கை நிறுத்தினால் கேட்க ஆள் இல்லை. இதில் வேடிக்கை, அரசே தன் திட்டத்தைத் தர்மமாக்கப் பார்ப்பது. ராஜீவ் பெயரில் வந்தது, 2014-க்குப் பிறகு என்.டி.ஆர். பெயருக்கு மாறியது, 2019-க்குப் பிறகு ஒய்.எஸ்.ஆர்., 2024-க்குப் பிறகு மறுபடி என்.டி.ஆர். கார்டின் மேல் தலைவர் படம் மாறும்போதெல்லாம், இது யாரோ போட்ட பிச்சை என்று வாங்குபவருக்கு நினைவூட்டப்படுகிறது. வரியில் நடக்கும் காரியத்துக்கு வள்ளல் பட்டம் எதற்கு?

சித்தூர் நகரத்திலேயே வேறு வகையான ஒரு பரிசோதனை நடந்தது. 2016-ல் அப்போலோ அங்கே மருத்துவக் கல்லூரி தொடங்கியபோது மாவட்டத் தலைமை அரசு ஆஸ்பத்திரியை அதன் பயிற்சிக்குப் பயன்படுத்த அரசு ஒப்புக்கொண்டது. அப்போலோவின் நிறுவனர் பிரதாப் சி. ரெட்டிக்குச் சொந்த ஊர் இதே மாவட்டத்து அரகொண்டா. அங்கே 2000-லேயே தொலைமருத்துவத்தைத் தொடங்கிப் பெயர் வாங்கியவர்கள். அரசு ஆஸ்பத்திரிக்குப் பேராசிரியர்கள் வந்தார்கள் என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள், பொதுச்சொத்து தனியார் கல்லூரியின் படியாகிவிட்டது என்று மறுபக்கம் சொல்கிறார்கள். மருத்துவம் படிப்பவர்கள் யார் உடம்பிலாவது கற்றுத்தான் ஆக வேண்டும். எப்போதும் கட்டணம் கொடுக்க முடியாதவர்களின் உடம்பிலேயே கற்றுக்கொண்டு, கட்டணம் கொடுப்பவர்களிடம் போய்ப் பிழைப்பது எங்கும் உள்ள பழக்கம். அரசு கல்லூரியில் அதற்கு ஈடாக ஒரு பொது டாக்டராவது ஊருக்குக் கிடைக்கலாம் என்ற நம்பிக்கை இருக்கிறது. தனியார் கல்லூரியில் அந்த ஈடு என்ன என்பதை ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும், ஊரார் படிக்கும்படி.

ஒப்பந்தங்களையும் பட்டியல்களையும் ஊரார் முன் வைப்பது நடக்கக்கூடியதா? அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஒருமுறை நடந்தது. 1987-ல் அங்கே ஏழைகளுக்கான திட்டத்தில் உறுப்பு மாற்று அறுவைகளுக்குப் பணம் தருவதை நிறுத்தினார்கள். ரத்தப் புற்றுநோய் வந்த ஏழு வயதுச் சிறுவன் ஒருவனின் குடும்பம் நன்கொடை திரட்டி முடிப்பதற்குள் அவன் இறந்துபோனான். நாடே கொந்தளித்தது. அதன் பிறகு ஊர் ஊராகக் கூட்டம் போட்டு, ஜனங்களிடம் கேட்டு, நோய்களையும் சிகிச்சைகளையும் முக்கியத்துவப்படி வரிசைப்படுத்தி, சட்டசபை ஒதுக்கும் பணம் தீரும் இடத்தில் ஒரு கோடு கிழித்தார்கள். 1994-ல் நடைமுறைக்கு வந்தது. கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு சிகிச்சை இல்லை, ஆனால் ஏன் இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

அந்த ஏற்பாட்டுக்கு எதிராகச் சொல்லப்பட்டதில் ஒன்று மட்டும் இன்றும் உறுத்துகிறது. வரிசை எல்லோருக்கும் அல்ல, ஏழைகளுக்கு மட்டும். அந்தக் கோடு தங்கள் வீட்டுக் குழந்தைமேல் விழாது என்று தெரிந்தவர்களே கோட்டைப் போட்டார்கள். ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் பட்டியலுக்கு ஒப்புதல் தரும் அமைச்சருக்கு நெஞ்சு வலி வந்தால் அவர் எந்த மேசைக்கு முன்னும் நிற்கப் போவதில்லை. தன்மேல் விழாத கட்டுப்பாட்டை மற்றவர்மேல் போடும் உரிமை யாருக்கும் முழுமையாகக் கிடையாது. அப்படிப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், போடும்போது அவர்கள் பேச்சைக் கேட்டே ஆக வேண்டும். பட்டியல் போடும் குழுவில் டயாலிசிஸுக்கு வாரம் மூன்று நாள் பஸ் ஏறி வரும் ஒருவர் உட்கார்ந்திருந்தால், அறுவைக்குப் பின் கூலி இழப்புக்குத் தரும் உதவித்தொகைக்கு 2019 டிசம்பர் வரை ஆரோக்கியஸ்ரீ காத்திருந்திருக்காது.

2025 செப்டம்பரில் ஆந்திர அமைச்சரவை இன்னொரு முடிவு எடுத்தது. 2.5 லட்சம் வரையிலான செலவைக் காப்பீட்டு நிறுவனங்கள் மூலமும், அதற்கு மேல் 25 லட்சம் வரை டிரஸ்ட் மூலமும் தரும் கலப்பு முறைக்குப் போவது என்று. 2007-ல் திட்டம் தொடங்கியதும் காப்பீட்டு நிறுவனத்தோடுதான், பிறகு டிரஸ்டே நேரடியாக நடத்தத் தொடங்கியது. சக்கரம் ஒரு சுற்று சுற்றி வந்திருக்கிறது. காப்பீடு வந்தால் பாக்கி தீரும் என்கிறார்கள் ஆஸ்பத்திரிக்காரர்கள் சிலர், கம்பெனி கிளைமை வெட்டும் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டும் நடக்கலாம். கம்பெனி மறுப்பதில் லாபம் பார்க்கும், அரசு தாமதிப்பதில் லாபம் பார்க்கும். பெஞ்சில் காத்திருப்பவருக்கு இதில் எது மேல் என்பது, மறுக்கப்பட்டால் காரணம் எழுதிக் கையில் தருவார்களா, யாரிடம் முறையிடலாம், எத்தனை மணி நேரத்தில் பதில் வரும் என்பதைப் பொறுத்தது.

திட்டத்தின் ஆண்டு விளம்பரங்களில் எத்தனை லட்சம் பேருக்கு சிகிச்சை நடந்தது, எத்தனை கோடி செலவானது என்று பெரிய எழுத்தில் வரும். மேசை வரை வந்து திரும்பியவர்களின் எண்ணிக்கை எதிலும் வராது, 'பெட் இல்லை' என்று அனுப்பப்பட்டவரின் பெயர் கணினியில் ஏறுவதே இல்லை. இதைச் சரிசெய்யக் கோடிகள் தேவையில்லை. ரூயாவிலும் சித்தூர் அரசு ஆஸ்பத்திரியிலும் அவசரப் பிரிவுச் சீட்டில் இரண்டு வரி கூடுதலாக அச்சடிக்கலாம், தமிழிலும் தெலுங்கிலும்: இங்கே வருவதற்கு முன் எங்கே போனீர்கள், அங்கே என்ன சொன்னார்கள்? ஆறு மாதச் சீட்டுகளை எடுத்துக் கூட்டினால் எந்த ஆஸ்பத்திரியில், எந்த நோய்க்கு, மாதத்தின் எந்த வாரத்தில் பெட் தீர்ந்துபோகிறது என்று தெரிந்துவிடும்.